சிலேன் பூசியும் ஒட்டவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

கண்ணாடியோடு எபாக்ஸி, சிலிக்காவோடு ரப்பர், பீங்கானோடு அக்ரிலிக் என ஒன்றோடொன்று சேராத இரண்டைச் சேர்த்துவைப்பது சிலேன் இணைப்பானின் வேலை. அந்த மூலக்கூறுக்கு இரண்டு முனைகள். சிலிக்கனில் தொங்கும் மூன்று மெத்தாக்ஸி அல்லது எத்தாக்ஸி தொகுதிகள் கண்ணாடிப் பக்கத்துக்கு. அமினோ, எபாக்ஸி, மெத்தாக்ரைல், வினைல், மெர்காப்டோ இவற்றில் ஏதோ ஒன்று ரெசின் பக்கத்துக்கு. ஒட்டு விட்டுப்போனால் பலரும் முதலில் செய்வது சிலேனின் அளவைக் கூட்டுவதுதான். பெரும்பாலும் அதனால் நிலைமை இன்னும் மோசமாகும். எந்த முனை விட்டது என்று தெரியாமல் அளவில் கை வைக்க வேண்டாம்.

கண்ணாடிப் பக்கம் பிணைப்பு நான்கு படிகளில் நடக்கிறது. தண்ணீர் பட்டதும் ஆல்காக்ஸி தொகுதிகள் ஆல்கஹாலாகப் பிரிந்து சிலனால் (சிலிக்கனில் ஹைட்ராக்சில் தொகுதி சேர்ந்த வடிவம்) உருவாகும். சிலனால்கள் தங்களுக்குள் கைகோத்துச் சிறு சங்கிலிகளாகும். அந்தச் சங்கிலிகள் பரப்பில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதிகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிக்கொள்ளும். கடைசியாக, சூட்டில் தண்ணீர் வெளியேறும்போதுதான் சிலிக்கன்–ஆக்சிஜன்–கண்ணாடி என்ற நிலையான பிணைப்பு வருகிறது. கீழே சொல்லும் பிழைகளில் பாதிக்கு மேல் இந்த நான்கில் ஒன்று தவறியதால் வருபவை.

முதல் வேலை: உரிந்த முகத்தைப் படிப்பது

உரிந்த துண்டின் இரு முகங்களையும் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். பிறகு கண்ணாடி முகத்தில் ஒரு சொட்டு அயனி நீக்கிய நீர் விடுங்கள்.

சொட்டு விரிந்து படர்ந்தால் அங்கே சிலேனே இல்லை. ஒன்று அது படியவில்லை, அல்லது தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது. சொட்டு ஓரளவு குவிந்து நின்று, ரெசின் மட்டும் வழவழவென்று கழன்றிருந்தால், சிலேன் கண்ணாடியில் இருக்கிறது, ரெசினோடுதான் சேரவில்லை. இரண்டு முகத்திலும் வெளிறிய மாவு போன்ற படிவு இருந்தால் சிலேன் அடுக்கே நடுவில் பிளந்திருக்கிறது. ரெசின் இரண்டு முகத்திலும் ஒட்டியிருந்தால் சிலேனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரெசினின் கலவையையோ கெட்டியாதலையோ போய்ப் பாருங்கள்.

கரைசலில் எண்ணெய்த் துளிகள் மிதக்கின்றன, அல்லது கரைசல் பால் போல வெளுக்கிறது

இரண்டும் வேறு வேறு நிலைகள். சிலேனைத் தண்ணீரில் விட்டவுடன் துளிகளாக மிதப்பது இயல்பு. அது இன்னும் நீராற்பகுப்பு (மேலே சொன்ன முதல் படி) அடையவில்லை. கலக்கக் கலக்கத் துளிகள் மறைந்து கரைசல் தெளியும். தெளிந்திருக்கும் நேரம்தான் பயன்படுத்த ஏற்ற நேரம். தெளிந்த பிறகு மீண்டும் வெளுத்தால் சிலனால்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துவிட்டன என்று பொருள். அந்தக் கரைசலில் அமிலம் சேர்த்தாலும் ஆல்கஹால் சேர்த்தாலும் பழைய நிலைக்கு வராது. கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டியதுதான்.

இங்கே பிஎச் அளவுதான் எல்லாவற்றையும் ஆட்டுவிக்கிறது. நீராற்பகுப்பு அமிலத்திலும் காரத்திலும் வேகமாக நடக்கும், நடுநிலையில் மந்தமாக இருக்கும். சிலனால்கள் தங்களுக்குள் சேரும் குறுக்க வினையோ பிஎச் 4 அருகில்தான் மிக மெதுவாக நடக்கிறது. அதனால் எபாக்ஸி, மெத்தாக்ரைல், வினைல், மெர்காப்டோ சிலேன்களுக்கு 4 முதல் 5.5 வரை வைக்கிறோம். ஒரு லிட்டர் அயனி நீக்கிய நீரை 4 அருகில் கொண்டுவர ஒன்றிரண்டு துளி கிளேசியல் அசிட்டிக் அமிலமே போதும். கரண்டிக் கணக்கில் ஊற்றினால் பிஎச் 3-க்குக் கீழே இறங்கி, எபாக்ஸி சிலேனின் வளையம் திறந்துகொள்ளும். வளையம் திறந்த எபாக்ஸி ரெசினுக்கு உதவாது.

கண்ணாடிக்குப் பெரும்பாலும் பயன்படும் கலவை, 100 மில்லிக்கு: எத்தனால் 93 மில்லி, அயனி நீக்கிய நீர் 5 மில்லி, சிலேன் 2 மில்லி. முதலில் எத்தனாலையும் நீரையும் கலந்து அசிட்டிக் அமிலத்தால் பிஎச் 4.5–5.5-க்குக் கொண்டுவந்து, பிறகு கலக்கிக்கொண்டே சிலேனைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஐந்து நிமிடம் காத்திருங்கள். பொருளை ஒன்று, இரண்டு நிமிடம் முக்கி எடுத்து, எத்தனாலில் ஒருமுறை அலசி, 110 டிகிரி செல்சியஸில் 5 முதல் 10 நிமிடம் சூடாக்குங்கள். இதில் தண்ணீர் போதுமா என்ற சந்தேகம் வரும். 2 மில்லி எபாக்ஸி சிலேன் முழுவதும் நீராற்பகுப்பு அடைய அரை மில்லி நீரே தாராளம், அதுபோல் பத்து மடங்கு இருக்கிறது. ட்ரைஎத்தாக்ஸி (மூன்று எத்தாக்ஸி உள்ள) வகையை எடுத்தால் ஐந்து நிமிடம் போதாது. மெத்தாக்ஸியைவிட எத்தாக்ஸி பல மடங்கு மெதுவாகப் பிரியும். அரை மணி நேரமாவது கொடுங்கள்.

அமினோ சிலேனுக்கு அமிலமே தேவையில்லை. அதன் அமினோ தொகுதியே வினையூக்கி. தண்ணீரில் விட்டால் பிஎச் தானாகவே 10 அருகில் போய் நிற்கும், கரைசலும் நாள்கணக்கில் தெளிவாக இருக்கும். மெத்தாக்ரைல், மெர்காப்டோ கரைசல்களை அன்றன்றே கலந்து அன்றே தீர்ப்பது நல்லது.

குழாய்த் தண்ணீரால் கலக்கினால் அதன் காரத்தன்மை பிஎச்சைத் தூக்கிவிடும், கரைசல் கண் முன்னாலேயே வெளுக்கும். கலக்கும் பாத்திரமும் கவனிக்க வேண்டியது. கண்ணாடிப் பீக்கர் எடுத்தால் சிலேன் அதன் சுவரிலும் படியும். பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன் பாத்திரம் எடுங்கள்.

பரப்பில் வெள்ளைப் படலம், விரலால் தேய்த்தால் மாவாக வருகிறது

சிலேன் அதிகம். தொழிலில் எடுத்துக்கொள்ளும் மதிப்பீட்டின்படி, 0.25 சதவீதக் கரைசலே கண்ணாடியில் 3 முதல் 8 மூலக்கூறு அடுக்குகளைப் படியவைக்கிறது. முதல் அடுக்கு மட்டும் பரப்போடு பிணையும். அதற்கு மேலே சில அடுக்குகள் தங்களுக்குள் வலை பின்னிக்கொள்ளும். அதற்கும் மேலே இருப்பது வெறுமனே ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு. ரெசின் அந்தப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டு, இழுத்ததும் அதோடு சேர்ந்து வந்துவிடும்.

சூடாக்கும் முன் எத்தனாலில் நன்றாக அலசுங்கள். கரைசலை 2 சதவீதத்திலிருந்து 0.5-க்கு இறக்கிப் பாருங்கள். முக்கி எடுத்ததைச் சாய்த்து வடியவிடுங்கள். தட்டையாகப் படுக்கவைத்தால் ஓரத்தில் தேங்கிய இடம் கண்டிப்பாக வெளுக்கும்.

அமினோ சிலேனில் வெள்ளை வர இன்னொரு காரணம் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு. அமின் அதோடு சேர்ந்து உப்பாகும். கரைசலில் முக்கி எடுத்த பொருளை ஈரமாகவே மேசையில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் இது நடக்கும். 110 டிகிரியில் சூடாக்கினால் பெரும்பகுதி போய்விடும். அமினோ சிலேன் பூசியதை அசிட்டோனில் அலச வேண்டாம். கீட்டோன் அமினைப் பிடித்து இமீனாக மாற்றிவிடும், பிறகு எபாக்ஸிக்குக் கிடைக்க அமின் மிஞ்சாது. பலருக்கும் அசிட்டோன்தான் கை பழகிய அலசும் திரவம் என்பதால் இந்தத் தப்பு திரும்பத் திரும்ப வருகிறது.

கண்ணாடி முகம் பளிச்சென்று கழன்று வருகிறது

சுத்தம் முதல் சந்தேகம். கழுவிய கண்ணாடியைத் தண்ணீரில் நனைத்துச் செங்குத்தாகப் பிடியுங்கள். நீர்ப்படலம் உடையாமல் முழுப் பரப்பிலும் அரை நிமிடம் நிற்க வேண்டும். எங்காவது விலகித் துளியாகக் குவிந்தால் அங்கே எண்ணெய் இருக்கிறது. காரச் சோப்புக் கரைசலில் 60 டிகிரியில் பதினைந்து நிமிடம் ஊறவைத்துத் தேய்த்து, அயனி நீக்கிய நீரில் மூன்று முறை அலசினால் பெரும்பாலான அழுக்குப் போகும். ஆக்சிஜன் பிளாஸ்மா அல்லது புற ஊதா–ஓசோன் பெட்டி இருந்தால் இன்னும் நல்லது. சிலிகோன் மட்டும் இதில் எதற்கும் எளிதில் மசியாது. அச்சிலிருந்து கழற்ற அடிக்கும் ஸ்பிரே, கைக்குத் தடவும் கிரீம், பக்கத்து மேசையில் திறந்திருக்கும் சிலிகோன் சீலன்ட் என்று அது எங்கிருந்தும் வரலாம். அறையிலிருந்தே அதை ஒழிப்பதுதான் வழி.

சுத்தம் சரி என்றால் ஹைட்ராக்சிலைப் பாருங்கள். நன்கு நீரேறிய சிலிக்காவில் ஒரு சதுர நானோமீட்டருக்கு 4.6 முதல் 4.9 வரை ஹைட்ராக்சில்கள் இருக்கும். சுத்தம் செய்கிறேன் என்று 400 டிகிரிக்கு மேல் சுட்டால் அது பாதி அளவுக்குக் குறைந்துவிடும். சுட்ட கண்ணாடியை அயனி நீக்கிய கொதிநீரில் சில மணி நேரம் வைத்துத்தான் மீட்க வேண்டும்.

அடுத்து, பொருளே சிலேனுக்கு ஏற்றதா? கண்ணாடி, குவார்ட்ஸ், சிலிக்கா, அலுமினா, அலுமினியம் ஆகியவற்றில் நன்றாகப் பிடிக்கும். மைக்கா, டால்க், இரும்பு ஆக்சைடில் சுமார். கால்சியம் கார்பனேட், ஜிப்சம், பேரைட், கிராஃபைட் ஆகியவற்றில் கிட்டத்தட்டப் பிடிக்கவே பிடிக்காது. சுண்ணாம்புத் தூளுக்குச் சிலேன் போட்டுப் பலனில்லை என்று புலம்புவதைவிட, ஸ்டியரிக் அமிலத்துக்கோ டைட்டனேட்டுக்கோ மாறுவது மேல். பல் மருத்துவத்தில் சிர்கோனியாவுக்கும் இதே கதைதான். லித்தியம் டைசிலிகேட் பீங்கானை 5 சதவீத ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் 20 விநாடி அரித்து, அலசிக் காயவைத்து, சிலேனை ஒரு நிமிடம் விட்டால் ரெசின் சிமென்ட் உறுதியாகப் பிடிக்கும். சிர்கோனியாவில் சிலிக்கா இல்லை, அமிலமும் அதை அரிக்காது. அங்கே சிலிக்கா பூசிய துகள்களை அடித்து ஏற்றிய பிறகே சிலேன். இல்லையென்றால் பாஸ்பேட் மோனோமர் உள்ள பிரைமர் (ஒட்டுவதற்கு முன் பூசும் அடிப்பூச்சு).

கடைசிச் சந்தேகம் சூடு. காற்றில் காய்ந்ததையே முடிந்ததாக எடுத்துக்கொண்டால் பிணைப்பு ஹைட்ரஜன் பிணைப்போடு நின்றிருக்கும். சூடாக்க முடியாத பொருள் என்றால் 60 சதவீதத்துக்குக் குறைவான ஈரப்பதத்தில் 24 மணி நேரம் விடுங்கள். இன்னொரு பக்கம், மெத்தாக்ரைலை 150 டிகிரியில் மணிக்கணக்கில் வைத்தால் இரட்டைப் பிணைப்புகள் ரெசின் வருவதற்கு முன்பே தங்களுக்குள் சேர்ந்துவிடும்.

காய்ந்த நிலையில் கல் மாதிரி நிற்கிறது, தண்ணீரில் போட்டால் கழன்றுவிடுகிறது

அதிகம் குழப்பும் அறிகுறி இதுதான். சிலேன் இல்லாமலே எபாக்ஸி காய்ந்த கண்ணாடியில் நன்றாகத்தான் ஒட்டும். ஆகவே காய்ந்த நிலையில் இழுத்துப் பார்ப்பது சிலேனைப் பற்றி எதுவுமே சொல்லாது. சிலேன் போடாத மூன்று துண்டு, போட்ட மூன்று துண்டு எடுத்து, ஆறையும் கொதிநீரில் இரண்டு மணி நேரம் வையுங்கள். போடாதவை பெரும்பாலும் தானாகவே கழன்றிருக்கும். போட்டவையும் அப்படியே கழன்றால் சிலேன் வேலை செய்யவில்லை.

கழன்றும் கழலாமலும் வலு குறைந்து நின்றால், அந்தத் துண்டை 60 டிகிரியில் ஒருநாள் உலர்த்தி மறுபடி இழுங்கள். வலு திரும்பினால் பிணைப்பு தண்ணீரில் திறந்து, உலர்ந்ததும் மீண்டும் மூடியிருக்கிறது. டவ் கார்னிங்கில் இந்தத் துறையை வளர்த்த எட்வின் புளூடிமன் வலியுறுத்திய கருத்து இது: சிலிக்கன்–ஆக்சிஜன்–கண்ணாடிப் பிணைப்பு தண்ணீரால் உடையக்கூடியது, ஆனால் உடைந்தது நகராமல் அங்கேயே இருந்தால் மீண்டும் சேரும். அது நகராமல் இருக்க இறுக்கமான வலை வேண்டும். வலு திரும்பவில்லை என்றால் சிலேன் கரைந்து போய்விட்டது, அல்லது ரெசின் ஊறி வீங்கி நெம்பியிருக்கிறது.

அமினோ சிலேன் இந்த இடத்தில் பலவீனமானது. நீராற்பகுப்பை வேகப்படுத்திய அதே அமின், முடிந்த பிணைப்பையும் வெதுவெதுப்பான நீரில் பிரிக்க உதவி செய்கிறது. எபாக்ஸி ரெசினோடு ஈரத்தில் நிற்க வேண்டிய வேலைக்கு எபாக்ஸி சிலேனை ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். அமினோவே வேண்டும் என்றால் இரு சிலிக்கன் உள்ள சிலேன் ஒன்றைக் கலக்கலாம். பிஸ் ட்ரைஎத்தாக்ஸிசிலைல் ஈத்தேன் இதற்குப் பலரும் எடுப்பது. முதன்மைச் சிலேன் ஐந்து முதல் பத்துப் பங்குக்கு இது ஒரு பங்கு. ஒரு மூலக்கூறில் மூன்றுக்குப் பதில் ஆறு பிடிமானம், அதனால் ஒன்றிரண்டு திறந்தாலும் வலை கலையாது.

சாதாரண உருக்கில் இந்த அறிகுறி வந்தால் இவ்வளவு மெனக்கெட வேண்டாம். இரும்பு ஆக்சைடோடு சிலேனின் பிணைப்பு தண்ணீருக்குத் தாங்காது. மணல் அடித்துத் துருவை நீக்கி, வேறு பிரைமரைத் தேடுவதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

சிலேன் கண்ணாடியில் இருக்கிறது, ரெசின்தான் வழுக்குகிறது

பொருத்தம் தப்பு. எபாக்ஸி ரெசினுக்கு அமினோ அல்லது எபாக்ஸி. நிறைவுறாப் பாலியெஸ்டருக்கும் அக்ரிலிக்குக்கும் மெத்தாக்ரைல். பாலியூரித்தேனுக்கு அமினோ, எபாக்ஸி, மெர்காப்டோ. பாலிஅமைடுக்கு அமினோ. கந்தகத்தால் வல்கனைஸ் செய்யும் ரப்பருக்கு மெர்காப்டோ அல்லது டெட்ராசல்ஃபைடு (நான்கு கந்தக அணுச் சங்கிலி உள்ள சிலேன்), பெராக்சைடால் செய்வதற்கு வினைல். பாலிபுரோப்பிலீனில் எந்தச் சிலேனுக்கும் பிடிக்க இடமில்லை. மாலியிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய பாலிபுரோப்பிலீனைச் சில சதவீதம் கலந்து, கண்ணாடி நாரில் அமினோ சிலேன் இருந்தால்தான் அது பிடிக்கும்.

பொருத்தம் சரியாக இருந்தும் வழுக்கினால், பூசியதற்கும் ஒட்டியதற்கும் இடையே எத்தனை நாள் என்று கேளுங்கள். அன்றே ஒட்டுவது உத்தமம். உண்மையிலேயே அமின் மிச்சமிருக்கிறதா என்று அறிய, பூசிய துண்டில் நின்ஹைட்ரின் கரைசல் ஒரு சொட்டு விட்டு 100 டிகிரியில் சில நிமிடம் வையுங்கள். ஊதா நிறம் வந்தால் இருக்கிறது. தட்டைக் கண்ணாடியில் நிறம் மங்கலாகத்தான் தெரியும். தூளிலும் நாரிலும் நன்றாகத் தெரியும்.

சிலேனைப் பரப்பில் பூசாமல் ரெசினிலேயே கலப்பவர்கள் 100 பங்கு ரெசினுக்கு 0.5 முதல் 1 பங்கு போடுவார்கள். இதில் அமினோ சிலேனைக் கெட்டிப்பான் டப்பாவில்தான் போட வேண்டும். எபாக்ஸி டப்பாவில் போட்டால் இரண்டும் சேமிப்பிலேயே வினைபுரிந்து சில நாளில் பாகு போலத் தடிக்கும்.

பில்லர் (ரெசினில் கலக்கும் நிரப்புத் தூள்) கட்டி கட்டியாகிறது, அல்லது கலவையின் பிசுபிசுப்புக் குறையவில்லை

அளவைக் கண்மதிப்பில் போட்டதன் விளைவு. கணக்கு எளிது: பில்லரின் எடையை அதன் ஒரு கிராமின் பரப்பால் பெருக்கி, சிலேன் ஒரு கிராம் மூடக்கூடிய பரப்பால் வகுக்க வேண்டும். அந்தக் கடைசி எண், 78,300-ஐச் சிலேனின் மூலக்கூறு எடையால் வகுத்தால் கிடைக்கும். எபாக்ஸி சிலேனுக்கு 331 சதுர மீட்டர், மெத்தாக்ரைலுக்கு 315, அமினோ ட்ரைஎத்தாக்ஸிக்கு 353.

ஒரு கிலோ சிலிக்கா, கிராமுக்கு 3 சதுர மீட்டர் என்றால், 3000-ஐ 331-ஆல் வகுக்க 9 கிராம் எபாக்ஸி சிலேன். இதே கணக்கில் 200 சதுர மீட்டர் உள்ள புகை சிலிக்காவுக்கு (மிக நுண்ணிய சிலிக்காத் தூள்) 600 கிராமுக்கு மேல் வரும். அங்கே இந்தச் சூத்திரத்தைக் கண்மூடி நம்பாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கில் தொடங்கி, பிசுபிசுப்பை அளந்துகொண்டே ஏற்றுங்கள்.

9 கிராம் முழுவதும் நீராற்பகுப்பு அடையத் தேவையான நீர் 2 கிராம். முழு வலையாக முடியும் கணக்கில் பாதி நீர் திரும்பி வருவதால் ஒரு கிராமே போதும், அதைப் பில்லரின் சொந்த ஈரமே பெரும்பாலும் கொடுத்துவிடும். வெளியேறும் மெத்தனால் 3.7 கிராம் வரை. மூடிய கலப்பானில் இது தீப்பிடிக்கும், மூச்சில் போனால் நச்சு. காற்று இழுப்பு இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

கட்டி விழுவது பெரும்பாலும் ஊற்றும் முறையால். சிலேனை இரண்டு மூன்று மடங்கு ஆல்கஹாலில் நீர்க்கச் செய்து, கலப்பான் வேகமாகச் சுழலும்போது ஸ்பிரேயாக ஐந்து நிமிடத்தில் விடுங்கள். பிறகு பத்து நிமிடம் சுழற்றி, 100–120 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் உலர்த்துங்கள். வினைல், மெத்தாக்ரைல் பூசிய தூளை நீரில் தூவினால் மிதக்கும். மூழ்கினால் பூச்சு சரியில்லை. அமினோ பூசியது நன்றாக இருந்தாலும் மூழ்கும், அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை.

ரப்பர் கலவையில்: கலப்பானிலேயே வெந்துபோகிறது, அல்லது வெட்டினால் துளைகள்

டெட்ராசல்ஃபைடு சிலேனோடு சிலிக்கா கலக்கும்போது வெப்பநிலைக்கான இடைவெளி குறுகியது. சுமார் 140 டிகிரிக்குக் கீழே சிலிக்காவோடு வினை முடியாது. 160-ஐத் தாண்டினால் சிலேனிலுள்ள கந்தகம் விடுபட்டு ரப்பரை அங்கேயே இணைக்கத் தொடங்கும். 145–155-க்குள் பிடித்து, ரோட்டர் வேகத்தைக் குறைத்துச் சில நிமிடம் நிறுத்துங்கள். துளைகள் எத்தனாலால் வருபவை. கலப்பானைக் கூடுதலாக நிரப்பாமல், ராமை (கலவையை மேலிருந்து அழுத்தும் தண்டு) இடையிடையே தூக்கி ஆவியை விட்டால் குறையும். துத்தநாக ஆக்சைடையும் வேகமூட்டிகளையும் சிலேன் வினை முடிந்த பிறகு அடுத்த கட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்கூட்டிப் போட்டால் அவை சிலிக்காவின் பரப்பைச் சிலேனுக்கு முன்பே பிடித்துக்கொள்ளும்.

நேற்று வரை சரி, இன்று எதுவுமே பிடிக்கவில்லை

புட்டியைப் பாருங்கள். திறந்து மூடிய ஒவ்வொரு முறையும் உள்ளே ஈரக்காற்று போகிறது. கழுத்தில் வெள்ளைப் பொருக்கு, திரவத்தில் மங்கல், தடித்த ஓட்டம் இவற்றில் எது இருந்தாலும் அந்தப் புட்டி போய்விட்டது. குளிர்பெட்டியில் வைத்த புட்டியை அறை வெப்பத்துக்கு வரும் முன் திறந்தால் நீராவி உள்ளேயே பனிக்கும். பெரிய புட்டி வாங்கினால் உலர் நைட்ரஜனில் சிறு புட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் திறந்த தேதியை எழுதி வையுங்கள். நீர் கலந்துவிட்ட மிச்சத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அசல் புட்டியில் திருப்பி ஊற்றாதீர்கள். ஒரு சில துளி போதும், புட்டி முழுவதும் மெல்ல மெல்ல ஜெல் ஆகிவிடும்.